புளூரேயா, பெரிதாக்கிய டிவிடியா? மாத்தளை வீடுகளில் எது தெளிவு

2008 பெப்ரவரி 19ஆம் திகதி ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தனது எச்டி டிவிடி இறுவட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. சோனியும் அதன் கூட்டாளிகளும் முன்வைத்த புளூரே அத்துடன் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தோஷிபா, எக்ஸ்டி-இ500 என்ற டிவிடி பிளேயர் ஒன்றைச் சந்தைக்கு அனுப்பியது. விலை 150 டொலர். புதிய இறுவட்டு எதுவும் வாங்க வேண்டியதில்லை, அலுமாரியில் இருக்கும் பழைய டிவிடியையே இந்தப் பெட்டி உயர் தெளிவுக்கு நெருக்கமாகக் காட்டும் என்பதுதான் அதன் வாக்குறுதி. தோற்ற தரப்பின் சமாளிப்பு என்று அதைத் தள்ளிவிட முடியும். அடுத்த ஆண்டே தோஷிபாவும் புளூரே பிளேயர் விற்கத் தொடங்கியது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தப் பெட்டி எழுப்பிய கேள்வி தீரவில்லை. நல்ல கருவியால் பெரிதாக்கிக் காட்டப்படும் டிவிடிக்கும் உண்மையான உயர் தெளிவு இறுவட்டுக்கும் இடையில், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எவ்வளவு?

ஆய்வுகூடத்தில் இதற்கு விடை எளிது. மாத்தளை நகரில் ஒரு வீட்டு ஹோலிலும், எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட லயத்திலும், தம்புள்ளையில் கடைக்கு மேலுள்ள அறையிலும் விடை ஒன்றாக இருக்காது. அறையின் நீளம், தொலைக்காட்சியின் அளவு, இறுவட்டு வந்த வழி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

இலக்கங்கள் சொல்வது

டிவிடி 1996 இறுதியில் ஜப்பானில் அறிமுகமானது. இலங்கை ஒளிபரப்பு பின்பற்றும் 'பால்' முறையில் அதன் ஒரு சட்டகத்தில் 720க்கு 576 புள்ளிகள் உள்ளன, மொத்தம் 414,720. 2006இல் வந்த புளூரேயில் 1920க்கு 1080, மொத்தம் 2,073,600. சரியாக ஐந்து மடங்கு. அமெரிக்காவின் 'என்டிஎஸ்சி' முறையில் அச்சான டிவிடியில் வரிகள் 480 மட்டுமே. அதனோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு. இந்தியப் படங்களின் டிவிடிகளில் கணிசமானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இத்தனை கூடுதல் புள்ளிகளுக்கு இடம் கிடைத்ததற்கு லேசர்தான் காரணம். டிவிடியை வாசிப்பது 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்புக் கதிர், புளூரேயை வாசிப்பது 405 நனோமீற்றர் நீல ஊதாக் கதிர். அலைநீளம் குறையக் குறையக் கதிரைச் சிறு புள்ளியாகக் குவிக்கலாம், தடங்களையும் நெருக்கமாகப் பதிக்கலாம். டிவிடியில் இரு தடங்களுக்கு இடையிலான தூரம் 0.74 மைக்ரோமீற்றர், புளூரேயில் 0.32. அதனால்தான் அதே பருமனுள்ள வட்டில் டிவிடி 4.7 அல்லது 8.5 கிகாபைட் கொள்ளும்போது புளூரே 25 அல்லது 50 கிகாபைட் கொள்கிறது.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1973இல் 'ராஜ ராஜ சோழன்' முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமாக வந்தது. பிறகு அகலத்திரையே தமிழ்ப் படங்களின் வழக்கமாகிவிட்டது. அகலமான படத்தைத் தொலைக்காட்சியில் முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். அந்தப் பட்டைகளும் வரிகளைத் தின்னும். 'பால்' டிவிடியை அகலத்திரைக்கென்றே ஒழுங்காக அமைத்திருந்தால் படத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 436 வரிகள். பழைய சதுரப் பெட்டிக்காகவே பட்டை போட்டு அச்சிட்ட 'என்டிஎஸ்சி' டிவிடி என்றால் 272 வரிகள்தான். அதே படத்துக்கு புளூரேயில் சுமார் 817 வரிகள் கிடைக்கும். பழைய டிவிடியொன்றைப் புதிய தொலைக்காட்சியில் போட்டதும் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் விழுந்து, நடுவில் சின்னதாகப் படம் ஓடினால் அது இந்த 272 வரி வகை என்று எடுத்துக்கொள்ளலாம். அதை ரிமோட்டால் 'ஸூம்' செய்தால் திரை நிறையும், தெளிவு நிறையாது.

நிறத்திலும் இடைவெளி உண்டு. இரண்டு இறுவட்டுகளுமே நிறத் தகவலைக் கால்பங்காகக் குறைத்துத்தான் சேமிக்கின்றன. டிவிடியில் நிறத்துக்கான புள்ளிகள் 360க்கு 288, புளூரேயில் 960க்கு 540. அதாவது டிவிடி ஒளிக்கு ஒதுக்கிய புள்ளிகளைவிட, புளூரே நிறத்துக்கு மட்டும் ஒதுக்கியவை அதிகம். சிவப்புப் பட்டுச்சேலையின் ஓரம் டிவிடியில் பக்கத்துச் சுவரில் கசிந்ததுபோல் தெரிவது இதனால்தான்.

பெரிதாக்கும் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது

புதிய தட்டைத் தொலைக்காட்சி எதிலும் அப்ஸ்கேலிங் எனப்படும் இந்தப் பெரிதாக்கல் கட்டாயம் நடக்கிறது. 414,720 புள்ளிகளைக் கொண்டு இருபது லட்சம் புள்ளிகளுள்ள திரையை நிரப்ப வேண்டும் என்றால் இடையிலுள்ளவற்றைக் கருவிதான் கணித்துப் போட வேண்டும். மலிவான கருவி பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைப் போடும், படம் மங்கும். நல்ல கருவி விளிம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து அதன்படி நிரப்பும், கோடுகள் படிக்கட்டுபோல் உடையாது. அண்மைக்காலத் தொலைக்காட்சிகளில் 'ஏஐ' என்று விளம்பரப்படுத்தப்படும் முறை, ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. முடி இப்படித்தான் இருக்கும், இலை இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து நுணுக்கத்தைத் தானே வரைந்துவிடும்.

அந்த ஊகம் பல நேரங்களில் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அது இறுவட்டில் இருந்த தகவல் அல்ல. தூரத்தில் தெரியும் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் டிவிடியில் ஒரு வண்ணத் திட்டாகப் பதிவாகியிருந்தால், எந்தக் கருவியாலும் அந்தச் சிற்பங்களை மீட்க முடியாது.

இதிலிருந்து வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி கிடைக்கிறது. முகம் திரையை நிறைக்கும் நெருக்கக் காட்சிகளில் நல்ல டிவிடி நன்றாகவே தாக்குப்பிடிக்கும். அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தடுமாறுவார்கள். தேயிலை மலைச்சரிவு, திருவிழாக் கூட்டம், தூரத்துக் கட்டடம், சிறிய எழுத்துப் பலகை போன்ற அகலக் காட்சிகளில்தான் புளூரே பிரிந்து தெரியும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் பஞ்சரத பவனியில் ஒரு தேரை மட்டும் நெருக்கத்தில் எடுத்த காட்சி டிவிடியில் குறைவாகத் தெரியாது. ஐந்து தேர்களையும் சனத்தையும் மாடியிலிருந்து சேர்த்து எடுத்த காட்சியில் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனி வேறொரு சோதனை. பனியில் சாம்பல் நிறம் மெல்ல மெல்ல மாறுவதால் அங்கே புள்ளிகளின் எண்ணிக்கை பெரிதாக உதவாது. தகவல் குறைவான டிவிடியில் அது சதுரம் சதுரமாக உடையும். புளூரேயும் டிவிடிபோல 8 பிட் நிறத்தையே பயன்படுத்துவதால் அதிலும் மெல்லிய பட்டைகள் சில நேரம் தெரியும். 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி இறுவட்டின் 10 பிட் நிறம்தான் இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது.

கொப்பி இறுவட்டின் கணக்கு

மேலே சொன்னதெல்லாம் முறையாக அச்சிட்ட டிவிடிக்கே பொருந்தும். இலங்கையில் வீடுகளுக்குள் வந்த தமிழ்ப் பட இறுவட்டுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டவை அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதும், கடைகளிலும் நடைபாதைகளிலும் கொப்பி இறுவட்டுகளே தாராளமாக ஓடின. ஒரே இறுவட்டில் மூன்று படம், நான்கு படம், ஐந்து படம் என்பது விற்பனைக்கான கவர்ச்சி. தரத்துக்கு அதுவே வினை.

கணக்குப் போட்டால் புரியும். 4.7 கிகாபைட் இறுவட்டில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால், ஒரு விநாடிக்குச் சுமார் 4.2 மெகாபிட் தகவல் கிடைக்கும். டிவிடியின் உச்சவரம்பு 9.8 மெகாபிட். நான்கு மெகாபிட் என்பது பார்க்கத்தக்க தரம். அதே இறுவட்டில் நான்கு படங்களை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவே மிஞ்சும். 1993இல் வந்த விசிடி, டிவிடியின் கால்பங்கு புள்ளிகளே உள்ள 352க்கு 288 படத்துக்குக்கூட 1.15 மெகாபிட் ஒதுக்கியது. ஆக, நான்கு படக் கொப்பி என்பது டிவிடி வடிவத்தில் வரும் விசிடி, சில வேளைகளில் அதைவிடவும் மோசம். இரட்டை அடுக்குப் புளூரேயில் இதே படத்துக்கு விநாடிக்கு 40 மெகாபிட்டுக்கு மேல் இடமுண்டு.

இந்தக் கொப்பிகளைப் பெரிதாக்கினால் பெரிதாவது படம் மட்டுமல்ல, சதுரக் கட்டங்களும் விளிம்பைச் சுற்றும் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். பழைய 21 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி இவற்றையெல்லாம் மென்மையாக்கி மறைத்தது. அதே இறுவட்டு புதிய தட்டைத் திரையில் முன்னைவிட மோசமாகத் தெரிகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் காண்பது டிவிடியின் குறையை அல்ல, நெருக்கி அடைத்த கொப்பியின் குறையைத்தான்.

மலிவுக்காகத் தரத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. இந்தியாவின் மோசர் பேயர் நிறுவனம் 2007இல் உரிமை பெற்ற படங்களின் விசிடியை 28 இந்திய ரூபாவுக்கும் டிவிடியை 34 ரூபாவுக்கும் விற்றுக் கொப்பிச் சந்தையோடு நேரடியாகப் போட்டியிட்டது.

அறையும் திரையும்

சாதாரணப் பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அகலமுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும். இந்த ஓர் அளவைக் கொண்டு, எந்தத் திரையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் டிவிடியின் குறை மறையும் என்று கணக்கிடலாம். 32 அங்குலத் திரையில் சுமார் 8 அடி. 42 அங்குலத்தில் சுமார் 10 அடி. 55 அங்குலத்தில் 13 அடிக்குச் சற்று மேல். இந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் டிவிடியின் 576 வரிகளே கண்ணுக்குப் போதும். புளூரே தரும் மேலதிக நுணுக்கம் கண்ணை எட்டாது. புளூரேயின் முழுப் பயனும் வேண்டுமென்றால் 32 அங்குலத் திரைக்கு 4 அடியிலும், 55 அங்குலத் திரைக்கு 7 அடியிலும் உட்கார வேண்டும்.

மக்கள் உண்மையில் எங்கே உட்காருகிறார்கள்? அமெரிக்காவில் ஆர்சிஏ ஆய்வாளர் பேர்னார்ட் லெக்னரின் பெயரால் வழங்கும் 'லெக்னர் தூரம்' 9 அடி. 2004இல் பிரித்தானியாவில் பிபிசி ஆய்வுப் பிரிவு வெளியிட்ட கணிப்பிலும் நடுத்தர அளவு 2.7 மீற்றர், அதாவது ஏறத்தாழ அதே 9 அடி.

மலையகத் தோட்டங்களின் லயக் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பிரித்தானியர் கால அளவு. ஒரு சுவரோரம் மேசையில் தொலைக்காட்சி, எதிரே கட்டில் அல்லது பாய் என்றால் பார்ப்பவர் ஏழு, எட்டு அடிக்கு மேல் விலகி உட்கார இடமில்லை. நகரத்து வீட்டில் ஹோலின் ஒரு மூலையில் பெட்டியும் மறு மூலையில் சோபாவும் போட்டால் பன்னிரண்டு அடிகூட வரும். இரண்டு இடத்திலும் ஒரே 40 அங்குலத் திரை இருந்தால் புளூரேக்கும் டிவிடிக்கும் உள்ள வித்தியாசம் லயத்துச் சிற்றறையில் தெரியும், ஹோல் சோபாவில் மறைந்துவிடும். இந்த ஒரு விடயத்தில் இடநெருக்கடி உயர் தெளிவுக்குச் சாதகம். தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனி வீடுகளின் வரவேற்பறைகளும் சிறியவைதான். அங்கே 43 அங்குலத் திரை வாங்குபவர் வித்தியாசத்தைக் காணும் எல்லைக்குள்தான் உட்காருகிறார்.

இன்னும் இரண்டு தடைகள் உண்டு. 32 அங்குலத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை 'எச்டி ரெடி' எனப்படும் 1366க்கு 768 புள்ளித் திரைகள். புளூரேயின் புள்ளிகளில் பாதியையே அவற்றால் காட்ட முடியும். இறுவட்டைச் சுருக்கித்தான் அவை திரையில் போடுகின்றன. மற்றது வயர். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகளுள்ள பழைய வயரால் பிளேயரை இணைத்தால் மஞ்சள் முனை உயர் தெளிவுப் படத்தைக் கடத்தவே கடத்தாது. புளூரே பிளேயர் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது, எச்டிஎம்ஐ வயர் போடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளூரே இழப்பில்லாத ஒலித்தடத்தைச் சுமக்கிறது. தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது.

மூலப்படம் எப்படி இருந்தது

நல்ல திரை, சரியான தூரம், முறையான இறுவட்டு எல்லாம் இருந்தும் வித்தியாசம் தெரியாமல் போவதுண்டு. டானி பொய்ல் எடுத்து 2002இல் வெளிவந்த '28 டேஸ் லேட்டர்' அதற்குப் பேர்போன உதாரணம். படத்தின் பெரும்பகுதி கெனன் எக்ஸ்எல்1 என்ற சாதாரணத் தெளிவுக் கமெராவில் படமாக்கப்பட்டது. கமெராவே பதிவு செய்யாத நுணுக்கத்தைப் புளூரே எங்கிருந்து தரும்? அந்தப் படத்துக்கு டிவிடியே போதும்.

எதிர்த் திசையில் பிலிம் நிற்கிறது. நல்ல நிலையிலுள்ள 35 மில்லிமீற்றர் நெகட்டிவில், டிவிடியில் காட்ட முடியாத நுணுக்கம் எவ்வளவோ உறைந்திருக்கிறது. 1983இல் கண்டியிலும் விக்டோரியா அணைக்கட்டுப் பகுதியிலும் படமாக்கப்பட்ட 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' 2003இல் டிவிடியாகவும் 2012இல் புளூரேயாகவும் வந்தது. தொங்கு பாலக் காட்சியில் கயிறுகளும் பின்னாலுள்ள பாறைச் சரிவும் கொண்ட அகலக் காட்சிகள் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பொருத்தமானவை. மாத்தளைக்காரருக்கு அந்த இடம் பக்கத்து மாவட்டம்தான்.

சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் கதை இன்னும் பெரிது. மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வுகூடமொன்றில் தீயில் கருகின. எஞ்சியவற்றை இத்தாலியின் பொலோஞா நகரில் சட்டகம் சட்டகமாகச் செப்பனிட்டு 2015இல் புளூரேயாக வெளியிட்டார்கள். இங்கே பார்வையாளர் காணும் முன்னேற்றத்தில் இறுவட்டின் பங்கு ஒரு பகுதிதான், பெரும் பங்கு செப்பனிட்டவர்களுடையது. தமிழில் 1964இன் 'கர்ணன்' டிஜிட்டல் முறையில் சீராக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்தபோது, பழைய கீறல் விழுந்த பிரதிகளையே பார்த்திருந்தவர்களுக்கு அதே அனுபவம் கிடைத்தது.

புளூரே என்ற முத்திரை மட்டும் எதற்கும் உத்தரவாதமல்ல. 'கிளேடியேட்டர்' படத்தின் 2009 புளூரே, பிலிம் மணிகளைத் துடைக்கப்போய் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டதாகக் கண்டிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே திருத்திய பதிப்பு வந்தது. 2010இல் வந்த 'பிரெடேட்டர்' புளூரேயில் முகங்கள் மெழுகுப் பொம்மைகள்போல் இருந்தன. டிவிடிக்கென எடுத்த பழைய மாற்றுப்பதிவையே பெரிதாக்கிப் புளூரேயில் ஏற்றி விற்றால் வாங்குபவர் காசு கொடுத்து அப்ஸ்கேலிங்கைத்தான் வாங்குகிறார். அதை அவரது தொலைக்காட்சி இலவசமாகவே செய்திருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் இறுவட்டு

இன்று புதிதாக இறுவட்டு வாங்குபவர்கள் குறைவு. சாம்சங் 2019இலேயே அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே பிளேயர் செய்வதை நிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நெட்பிளிக்ஸ் தனது டிவிடி சேவையை மூடியது. 2025 பெப்ரவரியில் சோனி, பதிவு செய்யக்கூடிய புளூரே இறுவட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. கைத்தொலைபேசித் திரையில் படம் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஆனால் மாத்தளையின் தமிழ் வீடுகளில் எவரும் தூக்கி எறியாத இறுவட்டு ஒன்று இருக்கும். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோவில் தேர் என்று ஸ்டூடியோக்காரர் எடுத்துக் கொடுத்த டிவிடி. இரண்டு தெளிவுகளுக்கும் இடையிலான இந்த வழக்கு உண்மையில் பலன் தரக்கூடிய இடம் அதுதான்.

2000களின் கல்யாண வீடியோக்கள் மினி டிவி கசெட்டில் எடுக்கப்பட்டவை. அந்தக் கசெட்டிலும் டிவிடியைப் போலவே 720க்கு 576 புள்ளிகள்தான். எனவே அவற்றைப் பின்னாளில் 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்பவர் தருவது அப்ஸ்கேலிங்தான். ஆனால் கசெட்டில் விநாடிக்கு 25 மெகாபிட் தகவல் இருந்தது, டிவிடியில் ஏற்றியபோது அதில் பாதிகூட மிஞ்சியிருக்காது. கசெட் இன்னும் கைவசம் இருந்தால் டிவிடியை விட்டுவிட்டுக் கசெட்டிலிருந்தே மீண்டும் பதிவு செய்வது நல்லது.

2008இல் கெனன் 5டி மார்க் 2 போன்ற கமெராக்கள் வந்தபின் கல்யாண வீடியோ உலகம் 1920க்கு 1080க்கு மாறியது. கமெரா மாறியும் கைக்குக் கிடைத்தது பழைய டிவிடியாகவே பல காலம் இருந்தது. எடுக்கப்பட்ட ஐந்து பங்கில் ஒரு பங்கை மட்டும் வீட்டுக்காரர் பெற்றார், மிச்ச நான்கும் ஸ்டூடியோவின் ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கியது. இங்கே மூலமும் உயர் தெளிவு, பார்க்கும் திரையும் உயர் தெளிவு, இடையில் இருந்த இறுவட்டு மட்டுமே முட்டுக்கட்டை.

ஆக, தீர்ப்பு இது. நல்ல பிலிமிலிருந்தோ உயர் தெளிவுக் கமெராவிலிருந்தோ ஒழுங்காக எடுத்த புளூரேயை, 40 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள முழு எச்டி திரையில், எட்டு அடிக்குள் இருந்து பார்த்தால் அது எந்த அப்ஸ்கேலிங் டிவிடியையும் தெளிவாக வெல்லும், அதைக் காணப் பயிற்சி எதுவும் தேவையில்லை. 32 அங்குல எச்டி ரெடி திரையை எட்டு அடிக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்கு முறையாக அச்சிட்ட டிவிடி போதும், புளூரேக்குச் செலவழிப்பது வீண். நான்கு படக் கொப்பியை எந்தத் தொலைக்காட்சியாலும் காப்பாற்ற முடியாது.

கல்யாண டிவிடி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோவிலோ வீட்டிலோ எழுதும் டிவிடிகளில் தகவல் தங்கியிருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும், தம்புள்ளைச் சூட்டுக்கும் இரத்தோட்டை ஈரத்துக்கும் அது விலக்கல்ல. ஸ்டூடியோக்களோ பழைய கோப்புகளை அழித்துப் புதியவற்றுக்கு இடம் பிடிப்பவை. உங்கள் விழாவை எடுத்தவர் இன்னும் தொழிலில் இருந்தால், மூலக் கோப்பு அவரிடம் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இருந்தால் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு வீடுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.